எண்ணெய் ஊற்றாத விளக்கு

மதுரை செல்லூரில் ஒரு வீடு. அந்த வீட்டில் சாமி மாடத்து விளக்கை அப்பத்தாவைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. தாத்தா இறந்த நாளில் ஏற்றியது, அணையாமல் எரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து எண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டிவிட்டுத்தான் மறுபடி படுப்பார். எழுபத்தாறு வயதில் இது தேவையா என்று வீட்டில் சண்டை ஓடிக்கொண்டே இருந்தது.

இன்ஜினியரிங் படிக்கும் பேரன்தான் பேச்சை ஆரம்பித்தான். இமாசலத்தில் காங்ரா மாவட்டத்தில் ஜ்வாலாமுகி என்று ஒரு கோயில். சிலை கிடையாது. பாறை வெடிப்பில் தானாக எரியும் தீதான் அம்மன்.

"எண்ணெயே ஊத்தாமயா? அதை ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம்யா."

விளக்கை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒப்படைத்தது என்றால், அரை மணி நேரப் பாடம்! சம்பர்க் கிராந்தி ரயிலில் இரண்டு ராத்திரி, டெல்லியிலிருந்து பஸ்.

நம் மதுரையில் ஏன் அப்படி ஒரு தீ இல்லை? யானைமலையைப் பார்த்தாலே பதில் தெரியும். இங்கே தரைக்கடியில் இருப்பது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பழம் பாறை. எரிவாயு உண்டாக மக்கிய உயிர்ச்சத்தோடு படிந்த சேற்றுப் பாறை வேண்டும். வைகை ஓடுகிற (ஓடாத என்றும் சொல்லலாம்) வழியே கிழக்கே ராமநாதபுரம் வரை போனால் அந்த வகைப் பாறை வந்துவிடுகிறது. அங்கே ஆழ்துளைக் கிணறுகளில் எடுக்கும் வாயுவில்தான் வழுதூர் மின் நிலையம் ஓடுகிறது. ஆக மதுரைக்குப் பக்கத்து ஊர் 'ஜ்வாலாமுகி' ஒரு டர்பைனுக்குள் எரிகிறது. யாரும் தேங்காய் உடைப்பதில்லை :-)

நம் ஊரின் அணையாத் தீ வேறு மாதிரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கு வருகிறது. 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பெயர். ஆடு சாகும், மூக்கும். ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது, குட்டிகளால் சரிக்கட்ட வேண்டும். புண்ணியம் ஆடு கொடுத்தவருக்கு; தினமும் நெய் அளக்கும் வேலை இடையர்களுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுகிறவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள்.

ஜ்வாலாமுகியில் ரஞ்சித் சிங் பொன் வேய்ந்த கூரை, அவர் மகன் கரக் சிங் கொடுத்த வெள்ளிக் கதவுகள். உள்ளே போனால் அவ்வளவு ஆடம்பரமில்லை. கருத்த சுவர், வெடிப்புகளில் கைவிரல் நீளத்துக்கு நீலமும் மஞ்சளுமாய்த் தீ. அக்பர் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டும் அணையவில்லை என்று ஒரு கதை எல்லோரும் சொல்வார்கள். கதைதான். அதைவிடப் பெரிய கண்டம் 1957-ல் வந்தது. அந்த ஆண்டு ஓ.என்.ஜி.சி. இங்கேதான் துளை போட்டது. வாயு தென்பட்டது, வணிகத்துக்குத் தேறவில்லை. தேறியிருந்தால்? அஜர்பைஜானில் பாகு அருகே அதேஷ்காஹ் என்ற தீக்கோயில். இந்திய வணிகர்கள் எழுதி வைத்த சமஸ்கிருதக் கல்வெட்டுகள்கூட அங்கே உண்டு. சுற்றிலும் வாயுவை உறிஞ்சி எடுத்ததில் 1969-ல் அங்கே இயற்கைத் தீ அணைந்தது. இன்று எரிவது குழாய் வாயு.

வரிசை நகர்ந்தது. அப்பத்தா தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல யாருய்யா ஏத்துனது?"

நல்ல கேள்வி. மீத்தேன் தானாகப் பற்றாது, 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மின்னல் ஏற்றியிருக்கலாம், ஆடு மேய்த்தவன் ஏற்றியிருக்கலாம். பேரன் அதைச் சொன்னான்.

"காத்தடிச்சா?"

"இந்த மாதிரித் தீயும் அணையும் அப்பத்தா. வாயு வந்துக்கிட்டேதான் இருக்கும். யாராவது மறுபடி பத்த வைக்கணும்."

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார்கள். முதல் கேள்வி விளக்கைப் பற்றித்தான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நேத்து ராத்திரி அசந்து தூங்கிட்டேன் அத்தை. அணைஞ்சுருச்சு. காலையில பாத்து ஏத்திட்டேன்..."

பேரன் போனை வாங்கக் கை நீட்டினான். திட்டு விழும் என்று பயம். அப்பத்தா கொடுக்கவில்லை.

"ஏத்திட்டீல்ல? சரி. நீ சாப்ட்டியா?"

டெல்லி பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இன்னொரு தடவை வரிசையில் நிற்கலாமா என்று கேட்டார். நின்றார்கள்.