யார் முடித்தது?

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இங்கிலீஷ் வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்தவை போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும்தான். சேரி சனங்களின் புகாரோடு அலைந்து கற்றவை அவை. நமக்கு 'முடி' என்ற ஒரு சொல் போதும். கேஸ் கட்டுக்குப் போதாது.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் வந்த விதிகள், புலன்விசாரணையை 30 நாளில் 'கம்ப்ளீட்' செய்யச் சொல்லின. 2016இல் அது 60 நாளானது. கம்ப்ளீட் என்றால் ஒன்றும் விடுபடாமல் நிறைவாக்குவது. ஸ்டேஷனில் நடப்பதோ 'க்ளோஸ்'. 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று மூணு வார்த்தை எழுதிக் கட்டை மூடிவிடுகிறார்கள். அதாவது, சம்பவமே பிசகாம்! கோர்ட்டுக் கணக்கில் 'டிஸ்போஸ்டு'. தண்டனையானாலும் விடுதலையானாலும் அதே சொல். குப்பையை அப்புறப்படுத்துவதற்கும் இங்கிலீஷில் அதே சொல்தான்.

இந்தச் சொற்கள் எதிலும் செய்தவன் இல்லை. க்ளோஸ் ஆயிடுச்சு, டிஸ்போஸ் ஆயிடுச்சு, அவ்வளவுதான். தானாக நடந்ததுபோல.

"கேசு முடிஞ்சிடுச்சும்மா" என்றார் ரைட்டர். கூட வந்திருந்த கிழவி, மகனைப் பறிகொடுத்தவள், திருப்பிக் கேட்டாள்: "தானா எப்பிடிய்யா முடியும்? யாரு முடிச்சா?"

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவள், தன்வினையைப் பிறவினையாக்கி எழுவாயைக் கேட்டாள். ரைட்டர் வாய் திறக்கவில்லை.