வர்றதுக்கும் சேத்து

முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நான் போட்ட எக்செல் கணக்கு இதுதான்: ஏழு நாள், 1,000 வெள்ளி. கல்விக் கடனுக்கு மாதாமாதம் பிடித்தது போக மிஞ்சுவது அவ்வளவுதான். கூட வருவதாக இருந்த நண்பன் கிராபியில் கடலைப் பார்க்கலாம் என்றான். நான் காஞ்சனாபுரி என்றேன். "அங்க என்னடா இருக்கு?" என்றவன் அப்புறம் பேச்சையே எடுக்கவில்லை.

அங்கேதான் எங்கேயோ என் தாத்தாவின் அப்பா இருக்கிறார்.

1943-ல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தாத்தாவுக்கு அப்போது ஆறு வயது. "மூணு மாச வேல, அரிசி குடுப்போம்னு சொல்லித்தான் லோரில ஏத்துனானுங்க" என்பார். லயத்திலிருந்து போனவர்களில் சிலர் திரும்பினார்கள். அவர்களில் யாருமே இவர் செத்ததைப் பார்க்கவில்லை. அதனால் கொள்ளுப்பாட்டி தாலியைக் கழற்றவே இல்லை. புந்தோங்குக்குக் குடிவந்து, பேரன்களைப் பார்த்து, பொட்டோடுதான் போய்ச் சேர்ந்தார்.

இப்போது போவது சுலபம், அதுதான் என்னமோ செய்கிறது. விசா வேண்டாம். ஈப்போவில் இடிஎஸ் ஏறினால் பாடாங் பெசார். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையத்தில். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால் என்பதை மறந்து முதலில் எல்லாக் கணக்கையும் தப்பாகப் போட்டுவிட்டேன், அது வேறு. அங்கிருந்து இரவு ரயில். பேங்கோக் வரை போகத் தேவையில்லை, நக்கோன் பத்தோமில் இறங்கினால் காஞ்சனாபுரி போகும் சாதா ரயிலைப் பிடிக்கலாம். விடுதிக்காசு ஒரு நாள் மிச்சம். அதற்குக் கொஞ்சம் முன்னால் பான் போங் வரும். மலாயாவிலிருந்து சரக்குப் பெட்டிகளில் வந்தவர்களை இறக்கிய இடம் அதுதான். அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவைத்தார்கள். அந்த நேரத்துக்கு விழித்திருக்க வேண்டும்.

415 கிலோமீட்டர் பாதையை 1942-லிருந்து 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். இன்று ரயில் ஓடுவது நாம் தோக் வரைதான், சுமார் 130 கிலோமீட்டர். அதற்குமேல் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். காஞ்சனாபுரி போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படி ஒன்றுமில்லை. வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயிலில் ஒரு பொது நினைவிடமும், சில ஆண்டுகளுக்கு முன் நாட்டிய நடுகல்லும் இருக்கின்றன. மூன்றாம் நாள் அங்கே என்று எழுதியிருக்கிறேன். நான்காம் நாள் கட்டம் இன்னும் காலி. நாம் தோக்குக்கு அப்பால், காட்டில், எந்த முகாமைத் தேடுவது?

அந்த ரயிலில் ஏறுவதா என்பதும் முடிவாகவில்லை. மலையோர மரப்பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும்போது எல்லோரும் தலையை வெளியே நீட்டிப் படம் எடுக்கிறார்கள். யூடியூபில் பார்த்தேன். நல்ல வெளிச்சம், அழகான ஆறு. நானும் எடுப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சம்பாரிச்ச காசுல சந்தோசமா போற எடமா அது?" என்றார். ஆனாலும் நேற்று கம்போங் கச்சாங் பூத்தேவில் முறுக்கும் கச்சானும் வாங்கிவந்து பையில் திணித்திருக்கிறார். ஏழு கிலோவுக்குள் அடக்க நினைத்த பை.

தாத்தாவுக்கு 88. வாசலில் உட்கார்ந்து கணக்கை வாசிக்கச் சொன்னார். கடைசி ரயில் வந்ததும் நிறுத்தினார்.

"அது எவ்ளோடா?"

"100 பாட் தாத்தா. நம்ம காசுக்குப் பதிமூணு வெள்ளி வரும்."

"போறதுக்கு மட்டுமா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றதுக்கும் சேத்து இப்பவே எடுத்து வச்சிரு."

அந்த ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்க முடியாது, அன்றன்றைக்கு நிலையத்தில்தான் வாங்க வேண்டும்.

"எடுத்துட்டேன் தாத்தா" என்றேன்.