மூன்றாம் தடவை எழுதுவதற்கு முன்

13 ஜூலை 2025, ஞாயிறு

சாதாரண தரப் பெறுபேறுகள் இந்த வாரம் வெளியாகியிருக்கின்றன. ஏப்ரலில் வந்த உயர்தரப் பெறுபேற்றின் கசப்பு ஆறுவதற்குள் நவம்பர் பரீட்சைக்கு விண்ணப்பமும் கேட்டுவிட்டார்கள். ஊவா மாகாணத்தின் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில், உயர்தரம் எழுதிய பிள்ளை இருக்கும் வீடுகளில் இப்போது நடக்கும் பேச்சு ஒன்றுதான்: திரும்ப எழுதுவதா, கொழும்புக்கு வேலைக்குப் போவதா? பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைதான் எழுத முடியும் என்பதால் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதியவர்களை இந்தக் கேள்வி இன்னும் நெருக்குகிறது. இரண்டு தெரிவுகளுமே ஒரு பிழையான கணக்கிலிருந்து பிறப்பவை என்று நினைக்கிறேன். மூன்று பாடத்திலும் 'எஸ்' எடுத்த பிள்ளையை நம் ஊர் 'பெயில்' என்றுதான் சொல்கிறது. நாள் முழுக்க மலையில் நின்றும் கொழுந்தின் நிறை குறைந்ததால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்பட்ட பெண்ணைப் போல, அந்தப் பிள்ளையும் தன் இரண்டு வருடத்தைப் பாதியாக எண்ணிக்கொள்கிறது. பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழிலோ அது முழுச் சித்தி. போட்டியும் மதிப்பும் நிறைந்த சில தொழில்களின் நுழைவு அந்தச் சித்தியை மட்டுமே கேட்கிறது. இசட் புள்ளியைக் கேட்பதில்லை. தரவரிசையில் பின்தங்கிய ஊவாத் தோட்டத்துப் பிள்ளை மறுபடி அதே வரிசையில் போய் நிற்பதற்கு முன், தகுதியை மட்டும் கேட்டுவிட்டுத் தன் பரீட்சையைத் தானே நடத்தும் தொழில்களைப் பார்க்க வேண்டும். இந்தக் குறிப்புகளில் நான் வாதிட வருவது இவ்வளவுதான்.

16 ஜூலை, புதன்

2001 முதல் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி, ஒரு பிள்ளைக்குப் பாடம் தெரியுமா என்று சொல்வதில்லை. அதே பாடத்தை எழுதிய மற்றவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறது. பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் இருப்பதால், இடத்தைப் பங்கிட இப்படி ஒரு வரிசை தேவைப்படுகிறது. வரிசை பங்கீட்டுக்கானது. அதில் பின்னால் நின்ற மூவரின் அறிவைப் பற்றி அது எதையும் நிரூபிக்கவில்லை. இங்கே உடனே ஒரு மறுப்பு வரும்: பதுளை மாவட்டத்துக்குத்தான் சலுகை இருக்கிறதே, அதிலும் வர முடியாதவர் எப்படிப் போட்டித் தொழிலுக்குத் தகுவார்? சலுகை இருப்பது உண்மை. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. பதுளை, மொனராகலை இரண்டும் அந்தப் பதினாறில் அடக்கம். ஆனால் கலைத்துறையின் பொதுவான பாடநெறிகளுக்கு இந்தப் பங்கீடு கிடையாது. அங்கே தெரிவு முழுக்க முழுக்க அகில இலங்கைத் திறமை அடிப்படையில்தான். தோட்டப் பகுதியில் உயர்தரம் வரை உள்ள தமிழ்ப் பாடசாலைகளோ பெரும்பாலும் 1சி வகை: கலை, கூடிப்போனால் வணிகம். கணிதமும் விஞ்ஞானமும் முறையாக நடக்கும் 1ஏபி பாடசாலை வேண்டுமென்றால் பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களுக்குப் போக வேண்டும். சலுகை விஞ்ஞானப் பிரிவில் காத்திருக்கிறது, பிள்ளை கலைப்பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. மாவட்டம் என்ற அலகுக்குள் நகரத்துப் பாடசாலையும் லயத்துப் பிள்ளையும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள் என்பது இதற்கு மேல் ஒரு சிக்கல்.

சட்டபீடம் ஒரு விதிவிலக்கு. எந்தப் பிரிவில் படித்தவரும் விண்ணப்பிக்கலாம், மாவட்டப் பங்கீடும் உண்டு. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு விழும் இடங்கள் சொற்பம். இதே பாடசாலைகளிலிருந்து வருடா வருடம் சிலர் பல்கலைக்கழகம் போகத்தானே செய்கிறார்கள் என்றால், போகிறார்கள். அவர்களின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. அவர்கள் போனது, போகாதவருக்குத் திறமை இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. போகாததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. தோட்ட நிர்வாகங்கள் நடத்திய, பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பாடசாலைகளை அரசு எழுபதுகளில் பொறுப்பேற்கத் தொடங்கி, முடிக்கப் பல வருடங்கள் எடுத்தது. குடியுரிமைப் பிரச்சினைக்கு இறுதித் தீர்வாக வந்த சட்டம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கம். உயர்தரத்தைக் குடும்பத்தில் முதலாவதாக எழுதும் பிள்ளையின் பெறுபேற்றில் இத்தனை வருடங்களும் சேர்ந்துதான் புள்ளி போடுகின்றன.

19 ஜூலை, சனி

தகுதியை மட்டும் கேட்கும் நுழைவுகளில் நான் அதிகம் நம்புவது 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரியை. உயர்தரத்தில் மூன்று சித்தி, சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கும் தமிழ் அல்லது சிங்களத்துக்கும் திறமைச் சித்தி ('சி'). அதற்குப் பிறகு கல்லூரியே நடத்தும் நுழைவுப் பரீட்சை. மொழித்திறனும் பொது அறிவும் சிந்தனைக் கூர்மையும் சோதிக்கப்படும் அந்தப் பரீட்சையில் போட்டி கடுமையானது. ஆனால் அந்தப் போட்டியில் எல்லோரும் புதிதாக நிற்கிறார்கள். மூன்று 'ஏ' எடுத்தவரின் 'ஏ'க்கள் அங்கே செல்லுபடியாகாது. தேறியவர் மூன்று வருடம் படித்து, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுனராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யும்போது, சட்டபீடத்தில் பட்டம் பெற்று வந்தவருக்கும் அவருக்கும் இடையில் அனுமதிப்பத்திரத்தில் எந்த வேறுபாடும் இல்லை. 1959இல் சட்டத்தால் உருவான பட்டயக் கணக்காளர் நிறுவகமும் ஏறக்குறைய இதே போக்குடையது: எந்தப் பிரிவிலும் மூன்று சித்தி போதும், மிச்சத்தை அதன் பரீட்சைகளும் நடைமுறைப் பயிற்சியும் பார்த்துக்கொள்ளும். உயர்தரமே கைகொடுக்காதவருக்கு ஏஏடி என்ற கணக்கியல் பரீட்சை சாதாரண தரத்திலிருந்தே தொடங்குகிறது. பதுளையிலும் நிலையம் வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பாடநெறிகள் உயர்தரம் இல்லாமலேயே பட்டப்படிப்பு வரை இட்டுச்செல்லும். ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறையும் காகிதத்தில் பட்டம் வரை போகிறது. அந்தக் காகிதத்தைப் பற்றிப் பிறகு.

சட்டத்தை முன்னால் வைப்பதற்கு ஊவாவில் தனிக் காரணம் உண்டு. ஊழியர் சேமலாப நிதி நிலுவை, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படியான பணிக்கொடை, வேலைநீக்கம் என்று தொழில் திணைக்களத்துக்கும் தொழில் நியாய சபைக்கும் போக வேண்டிய விடயங்கள் இங்கே ஓய்வதில்லை. தோட்டக் காணிகள் எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்குப் போய், 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறியது. தலைமுறைகளாகக் குடியிருப்பவரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது உயிர்களோடு லயங்களும் போயின. பிழைத்தவர்கள் மாற்று வீட்டுக்கும் காணிக்கும் அரச அலுவலகங்களையே நம்பியிருந்தார்கள். பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளை, பண்டாரவளை உட்படப் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனமாயின. நீதிமன்றப் பதிவு மொழி இங்கே சிங்களம் என்றாலும், தமிழர் தன் மொழியில் பங்குகொள்ள அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமையைக் கேட்டு வாங்க, மூன்று மொழியிலும் வாதாடத் தெரிந்த, தோட்டத்தை உள்ளிருந்து அறிந்த சட்டத்தரணிகள் வேண்டும். சட்டப் பட்டதாரிகள் நிறைந்த கொழும்பில் அப்படிப்பட்டவர் கூட்டத்தில் ஒருவர். பதுளையில் அப்படியில்லை.

23 ஜூலை, புதன்

மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது மொழி. சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 டிசம்பரில் வர்த்தமானி வந்தது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ஒழுங்குவிதியை நிராகரித்தது. அப்பாடா என்று இருந்துவிட முடியாது. தமிழில் பரீட்சை எழுத முடிவது நுழைவுக்கு உதவும். தீர்ப்புகளைப் படிக்க, மேன்முறையீட்டில் நிற்க ஆங்கிலம் இல்லாமல் முடியாது, பதுளை நீதவான் நீதிமன்றத்தில் நாள் ஓட்டச் சிங்களம் இல்லாமல் முடியாது. இந்த மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது என் பக்கமே சாய்கிறது. மூன்றாம் தடவை உயர்தரத்துக்குச் செலவாகும் வருடத்தை இரண்டு மொழிக்குச் செலவிட்டால், நுழைவுப் பரீட்சையில் தோற்றாலும் அந்த மொழிகள் அரச எழுதுவினைஞர் பரீட்சைக்கும் கணக்கியலுக்கும் தனியார் அலுவலகத்துக்கும் உதவும். இந்து நாகரிகப் பாடக் குறிப்புகளை மூன்றாம் முறை மனப்பாடம் செய்வதன் பயன் பரீட்சை நடக்கும் மூன்று மணித்தியாலத்தோடு முடிகிறது. (பாடத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, மனப்பாடத்தின் மேல்தான்.)

இரண்டாவது பணம். இதுதான் பலமானது. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது, அதுவும் பேர் விழுந்த நாளுக்கு. அந்தக் கணக்கில் கொழும்பில் ஒரு பிள்ளையை மூன்று வருடம் தங்கவைப்பது பெரும்பாலான வீடுகளுக்கு நடக்காத காரியம். வாரா வாரம் வந்துபோகலாம் என்றால், பதுளையிலிருந்து ரயில் ஏறக்குறைய பத்து மணித்தியாலம் எடுக்கிறது. ஆகவே எல்லோருக்கும் சட்டம் என்று சொல்ல மாட்டேன். வேலை பார்த்துக்கொண்டே எழுதக்கூடியது கணக்கியல். திறந்த பல்கலைக்கழகமும் அப்படியே. முதலில் சம்பளம், பிறகு பரீட்சை என்ற வரிசையில் போகிறவருக்கு நான்கு வருடம் ஏழாகலாம். மூன்றாம் தடவைக்கும் டியூஷன் காசு, பஸ் காசு, ஒரு வருட வருமான இழப்பு உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்காமல் இந்த ஒப்பீட்டைச் செய்யவும் கூடாது. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தொழிற்சங்கங்களுக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சந்தா போகிறது. ஒவ்வொரு சங்கமும் வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளைச் சட்டக் கல்லூரியில் படிக்கவைத்தால் அது தானதர்மம் ஆகாது. சங்கத்துக்கே நாளைக்கு வழக்காட ஆள் வேண்டும்.

மூன்றாவது மறுப்பை அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள்: பின்வாசலால் போனால் பின்வரிசையில்தான் உட்கார வேண்டும். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க, பத்து வருடங்களுக்கு முன் உயர்தரச் சித்தியை அடிப்படையாக வைத்து மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 6000 ரூபா, பின்னர் 10000. மற்ற ஆசிரியர்களுக்குச் சமமாக வகுப்பு நடத்தியவர்கள், நிரந்தரச் சேவைக்குள் போக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். இது நியாயமான எச்சரிக்கை. நுழைவு எளிதா என்று பார்ப்பது போதாது, படித்து வெளியே வரும்போது கையில் கிடைக்கும் சான்றிதழ் முன்வாசலால் வந்தவரின் சான்றிதழ்தானா என்று பார்க்க வேண்டும். இந்த உரைகல்லில் சட்டக் கல்லூரி நிற்கும். பட்டயக் கணக்கியலும் நிற்கும். ஆசிரிய உதவியாளர் நியமனம் நிற்கவில்லை. தேசிய தொழிற்தகைமையின் ஏழாம் மட்டம் காகிதத்தில் பட்டத்துக்குச் சமம். ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் அந்தச் சமம் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சேர வேண்டும். நான்காம் மட்டத்து மின் இணைப்பாளருக்கோ குழாய் பொருத்துநருக்கோ இந்தக் கவலை இல்லை. அவர்களை எடைபோடுவது சந்தை.

இப்படி மாற்றுவழி பேசுவது அரசைத் தப்பவிடுவதில் முடியும் என்று ஒருவர் சொல்லக்கூடும். போராட்டத்தை விடச் சொல்லவில்லை. லுணுகலைக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டுப் போராடுவது இனி வரும் பத்து வருடத்துப் பிள்ளைகளுக்கு. இந்த ஜூலையில் முடிவெடுக்க வேண்டிய பிள்ளை அந்த ஆசிரியர் வரும்வரை பத்தொன்பது வயதிலேயே நின்றுகொண்டிருக்காது.

27 ஜூலை, ஞாயிறு

மூன்றாம் தடவை எப்போதுமே பிழை என்று நான் சொல்லவில்லை. தன் இசட் புள்ளிக்கும் தான் கேட்கும் பாடநெறியின் வெட்டுப்புள்ளிக்கும் இடையிலான தூரம் சிறிதாக இருந்தால், அல்லது நோயோ வீட்டு மரணமோ ஒரு தடவையைக் கெடுத்திருந்தால், எழுதுவதுதான் புத்தி. தூரம் பெரிதாக இருந்து, பாடமும் பாடசாலையும் டியூஷனும் அப்படியே இருக்கும்போது புள்ளி மட்டும் மாறும் என்று எதிர்பார்க்க ஆதாரம் இல்லை. அந்தப் பிள்ளை பார்க்க வேண்டிய பெறுபேறு சாதாரண தரத்தினுடையது. அதில் ஆங்கிலம் 'சி'க்குக் கீழே இருந்தால், அந்த ஒரு பாடத்தை மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதலாம்.

இந்த வாரம் சாதாரண தரம் தேறியவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிக யோசனை. உயர்தரத்துக்குப் போக ஆங்கிலச் சித்தி கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் 'டபிள்யூ' (சித்தியின்மை) வாங்கிய பிள்ளை அடுத்ததாகக் கலைப்பிரிவில் சேரும். வீட்டில் இனிப்பும் கொடுப்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். சட்டக் கல்லூரி விண்ணப்பப் படிவத்தில் அந்த 'டபிள்யூ' மறுபடி கண்ணில் படும்போது மூன்று வருடம் போயிருக்கும். அதை இப்போதே எடுத்துச் சொல்வது வகுப்பாசிரியரின் வேலையா, தொழில் வழிகாட்டல் ஆசிரியரின் வேலையா என்பதை அதிபர்கள் ஓகஸ்ட் தவணை விடுமுறைக்கு முன் தீர்மானித்தால் நல்லது. ஆங்கில ஆசிரியரே இல்லாத பாடசாலையில் அது வலயக் கல்விப் பணிப்பாளரின் வேலை.