காப்பி–பேஸ்ட்டுக்கு ஒரு கும்பிடு

ஈசூனில் எங்கள் கிடங்கு ஆபிஸில் இருப்புக் கணக்கு என்றால் சிஎஸ்வி இறக்கி எக்செல்லில் ஒட்டுவதுதான். மதியத்துக்குள் அது பழங்கணக்கு. 'ஃபைனல்', 'ஃபைனல்2' என்று கோப்புகள் வேறு குட்டி போடும்.

இப்போது எக்செல்லில் 'கெட் டேட்டா' வழியாக எஸ்கியூஎல் சர்வரோடு நேரடி இணைப்பு. 'ரிஃப்ரெஷ் ஆல்' அழுத்தினால் புது இருப்பு வந்து நிற்கிறது.

2020இல் இங்கிலாந்தில் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு 65,536 வரிசைக்கு மேல் தாங்காததால், கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. நடுவில் கோப்பு நுழைந்தாலே வம்புதான்.

ஒன்று மட்டும் சொல்வேன்: ஐடிக்காரரிடம் படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கு கேளுங்கள், வேண்டிய பத்திகளுக்கு மட்டும். வாடிக்கையாளரின் அடையாள எண் நம் லேப்டாப்பில் எதற்கு?