ஏழு மணி ஆட்டம்

நவராத்திரி வந்துவிட்டால் மும்பை வாழ் தமிழர்க்கு இரட்டை விழா. வீட்டினுள்ளே கொலுவும் சுண்டலும். வெளியே கர்பாவும் தாண்டியாவும். உள்ளே நடப்பதைப் பற்றி நம் இதழில் ஆண்டுதோறும் எழுதுவார் உளர். வெளியே நடந்த ஒன்றைப் பற்றி, அதிலும் நமக்கே நாணம் தருவதொரு செய்தியைப் பற்றி, எழுத முற்பட்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் நாம். சொல்லிலே குறையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

மத்திய ரயில்வேயில் சம்பளப் பட்டியல் எழுதும் எழுத்தர் பணி நம்முடையது. தந்தையார் பணியிலிருக்கையிலேயே காலமானமையால், கருணை அடிப்படையில் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரானோம். தந்தையார் மறைந்தபோது நம் தங்கைக்கு வயது ஒன்பது. அன்று முதல் அவளுக்கு அண்ணனும் நாமே, தந்தையும் நாமே என்று எண்ணி வந்தோம். அவ்வெண்ணத்தில் அன்பு எவ்வளவு, அதிகாரம் எவ்வளவு என்று அந்நாளில் நாம் கணக்கிட்டதில்லை.

அவள் வளர்ந்ததோ குஜராத்தியரும் மராத்தியரும் நிறைந்த ரயில்வே குடியிருப்பில். தமிழெழுத்துப் படிக்குமுன்பே கர்பாவின் இரு தட்டும் மூன்று தட்டும் அவளுக்குக் கைவந்தன. துளையிட்ட மண்குடத்தினுள் விளக்கேற்றி நடுவில் வைத்து, மாதர் அதனைச் சூழ்ந்து கைகொட்டிச் சுழன்று ஆடுவது கர்பா. கும்மியை அறிந்த நம்மவர்க்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. பாடுவோரும் மாதரே, தாளம் தருவோரும் மாதரே, ஆடுவோரும் மாதரே என்றிருந்த ஆட்டம் அது. ஆறு மாத்திரை கொண்ட ‘ஹீஞ்ச்’ என்னும் தாளத்தில் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரையும். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மானிடத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் கர்பாவைச் சேர்த்தபோது குஜராத்தியர் அடைந்த மகிழ்ச்சியை நாம் நேரிற் கண்டோம்.

ஆயினும் ஒலிபெருக்கியும் மேடையும் வந்தபின் தாளம் கைமாறிவிட்டது. டோல் அடிப்போர் பெரும்பாலும் ஆடவர். ஒலிப்பொறியை இயக்குவோர் ஆடவர். எந்தப் பாட்டிற்குப் பின் எந்தப் பாட்டு, எவ்வளவு விரைவு, எங்கே நிறுத்தம் என்று தீர்மானிப்போரும் ஆடவரே. ஆடும் மாதரோ அவர் போட்டதற்கு ஆடுவர். பாடகியர்க்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டையும் காற்சட்டையும் அணிந்து மேடையேறி மும்பை மக்களைத் திரள்திரளாக ஆட வைக்கும் பல்குனி பாடக் அம்மையாரை ‘தாண்டியா ராணி’ என்றே ஊர் கொண்டாடுகிறது. பாடுகின்ற பெண்ணை ஏற்கும் அவ்வூரே, பொறியின் திருகைத் தொடும் பெண்ணைக் கண்டால், “இதை இயக்குபவர் எங்கே அம்மா?” என்று கேட்கும்.

நம் தங்கை பொறியைத் தொட விரும்பினாள். கூரியர் அலுவலகத்தில் தான் ஈட்டிய பணத்தைக் கட்டி, அந்தேரியில் மூன்று மாதம் டி.ஜே. பயிற்சி பெற்றாள். உடன் பயின்ற பதினொருவரில் அவளொருத்தியே பெண். நமக்குச் சொல்லாமலே சேர்ந்தாள். சொல்லியிருந்தால் தடுத்திருப்போம் என்பதில் ஐயமில்லை. செய்தி தெரிந்த அன்று, “மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன தொழிலென்று சொல்வது?” என்று அன்னையார் அழுதார். நாமோ அழவில்லை, இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை.

டி.ஜே. என்றால் பாட்டைப் போட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பவர் என்றே நாமும் கருதியிருந்தோம். அது பிழை. ஓடுகின்ற பாட்டை ஒரு காதிலும், அடுத்து வரவேண்டிய பாட்டை ஹெட்போன் வழியாக மறு காதிலும் கேட்டு, இரண்டின் விரைவையும் ஒன்றாக்கி, ஆடுவோரின் கால் தடுமாறாவண்ணம் ஒன்றை மறைத்து மற்றதை ஏற்றவேண்டும். அது பாதி வேலை. மறுபாதி, வட்டத்தைக் கண்ணால் படிப்பது. யார் களைத்தார், யார் விலகினார், யார் உள்ளே வரத் தயங்கி நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தங்கை நிமிடத்திற்குத் தொண்ணூறு தட்டில் தொடங்கி, அரைமணி நேரம் அங்கேயே நிறுத்தி, பின்னரே ஏற்றுவாள். “நானும் வட்டத்துக்குள்ள ஆடினவதானே அண்ணே, எப்ப மூச்சு வாங்கும்னு தெரியும்” என்பாள்.

2023 அக்டோபரில் நம் குடியிருப்பின் விழாக் குழு அவளுக்கு வாய்ப்பளித்தது. குழுவின் பொருளாளர் நாம். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அரசு தளர்த்தும் சில இரவுகளில் மட்டும் நள்ளிரவு வரை செல்லலாம். ஆகவே எட்டரையிலிருந்து பத்து வரையுள்ள நேரமே பொன்னான நேரம். அதனை வெளியிலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு ஒதுக்கினர். ஏழு முதல் எட்டரை வரை, நாற்காலி அடுக்கும் நேரம், தங்கைக்கு.

முதல் நாளிலேயே ஸ்பீக்கரில் இரைச்சல் எழுந்தது. ஒலியமைப்புப் பையனிடம் கேபிளை மாற்றச் சொன்னாள். அவனோ அவளைத் தாண்டி நம்மை நோக்கி, “என்ன செய்யவேண்டும் சாகேப்?” என்றான். நமக்கு அதுபற்றி ஓர் எழுத்தும் தெரியாது! அவளே குனிந்து கேபிளை மாற்றினாள், இரைச்சல் நின்றது. இரண்டாம் நாள், குழுவின் பெரியவர் ஒருவர் பின்னால் வந்து நின்று, கேளாமலே திருகைத் திருப்பி ஒலியைக் கூட்டிவிட்டுப் போனார். அவ்விளைஞர் நின்ற மேசைப் பக்கம் அவர் ஒருநாளும் சென்றதில்லை. விருப்பப் பாட்டுக் கேட்க வந்தவர்கள் அவரிடம் சீட்டெழுதிக் கொடுத்தனர். தங்கையிடமோ லேப்டாப்பிலேயே விரல் வைத்துத் தேடினர். “பெண்ணாயிருந்தும் நன்றாகவே போடுகிறாள்” என்று பாராட்டியவரும் உண்டு. அதைப் பாராட்டென்றே நாமும் ஏற்றுக்கொண்டோம்.

மூன்றாம் நாளிலிருந்து வட்டம் மாறலாயிற்று. ஏழு மணிக்கே மாதர் வந்தனர். சமையலை முன்னரே முடித்து வந்தவர், நைட்டி மாற்றிப் புடவை கட்டி வந்தவர், பேரனை இடுப்பிலேற்றி வந்தவர். எல்லோரும் ‘பா’ என்றழைக்கும் எழுபது வயதுக் குஜராத்தி மூதாட்டி நம்மிடம் சொன்னார்: “உன் தங்கை எங்கள் முழங்காலை அறிந்து போடுகிறாள். அந்தப் பையன் வந்தால் நாங்கள் நாற்காலிக்குப் போய்விடுவோம்.” உண்மைதான். எட்டரை அடித்ததும் சினிமாப் பாட்டின் ரீமிக்ஸ் இடிபோல் எழும். வட்டத்தின் உள்ளடுக்கு கலைந்து ஓரத்து நாற்காலிகள் நிரம்பும். இளைஞர் திறமையற்றவர் என்று சொல்லமாட்டோம். கல்லூரிப் பிள்ளைகள் அவருக்கு நன்றாகவே ஆடினர்.

இனி நாணம் தரும் செய்திக்கு வருவோம். விழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை நம் கையால் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். டி.ஜே., இரவு: 9 நாள், நாள் ஒன்றுக்கு 4,000, ஆக 36,000. டி.ஜே., மாலை: 9 நாள், நாள் ஒன்றுக்கு 1,500, ஆக 13,500. இருவரும் நின்றது நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமே. 1,500 என்று குழுவில் முன்மொழிந்தவரும் வேறெவரும் அல்லர், நாமே. நம் வீட்டுப் பெண்ணுக்கு எதற்குப் பணம், குழுவிற்குச் சேமிப்பாகட்டும் என்று பெருந்தன்மை காட்டினோம். பெருந்தன்மை நம்முடையது, பணம் அவளுடையது.

தங்கை பலகையின் முன் நின்று படித்தாள். வீட்டிற்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: “அண்ணே, உங்க ஆபீஸ்ல பொம்பளையாளுக்குன்னு தனிப் பட்டியல் உண்டுமா?”

இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டியல் எழுதுகிறோம். ஒரே நிலையில் ஒரே பணிக்காலமுடைய ஆணுக்கும் பெண்ணுக்கும் அடிப்படை ஊதியத்தில் ஒரு ரூபாயும் வேறுபடாது. சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. மாதுங்கா நிலையத்தை 2017 ஜூலையில் முழுதும் பெண் பணியாளரிடம் ஒப்படைத்தது நம் மத்திய ரயில்வே. ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் எனப் போற்றப்பெற்ற, 2025 செப்டம்பரில் ஓய்வுபெற்ற, சுரேகா யாதவ் அம்மையார் 2023 மார்ச் 13-இல் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் வண்டியைச் செலுத்தி வந்தபோது, அலுவலகத்தில் பேடா வாங்கிப் பகிர்ந்தவர் நாம். ஏழு மாதங் கழித்து அதே கையால் 1,500 என்று எழுதினோம். சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவளே வேறொரு செய்தி சொன்னாள். ஆனி நைட்டிங்கேல் என்னும் அம்மையார் 1970-இல் பி.பி.சி. ரேடியோ 1-இல் முதல் பெண் அறிவிப்பாளராக இசைத்தட்டுப் போட வந்தாராம். அதற்குமுன் அவருக்குச் சொல்லப்பட்ட மறுப்பு இது: வீட்டிலிருக்கும் மாதர்க்கு வானொலியில் பேசும் ஆடவர் கணவருக்கு ஈடானவர், அங்கே பெண் குரல் எதற்கு? கேட்டு நாம் நகைத்தோம். “சிரிக்காதீங்க அண்ணே, நீங்களும் அந்தக் கமிட்டியில இருந்திருப்பீங்க” என்றாள்.

அடுத்த ஆண்டுக் குழுக் கூட்டத்தில் பேசினோம். சென்ற ஆண்டுக் கணக்கு முடிந்த கணக்கு, திறக்கலாகாது என்றனர். தங்கை மீது பாசத்தால் பேசுகிறீர் என்றும் ஒருவர் கூறினார். சென்ற ஆண்டு பாசத்தால்தான் குறைத்தோம் என்பதை அவர் மறந்தார். ‘பா’வும் வேறு நான்கு மாதரும், குழு உறுப்பினரல்லாதபோதும், வாயிலில் வந்து நின்றனர். முடிவில் இருவர்க்கும் ஒரே தொகை என்று நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறியது. நேரத்தை மாற்றமாட்டோம் என்றனர். அப்படியானால் வரமாட்டேன் என்று தங்கை சொல்லியனுப்பினாள். ஒருநாள் அவள் முன், மறுநாள் அவர் முன் என்று இரண்டு வாரம் கழித்து இணங்கினர். முகம் மலர்ந்து இணங்கினர் என்று எழுத இயலாது.

வித்தியாசத் தொகை 22,500 ரூபாயை நம் சேமிப்பிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினோம். வாங்கவில்லை. “நீங்க எதுக்குத் தரணும்? கமிட்டி தரட்டும்” என்றாள். அலுவலகத்தில் இத்தகைய தொகைக்கு நிலுவை என்று பெயர். பொருளாளரின் குறிப்பேட்டில் அதனைச் சிவப்பு மையால் எழுதி, ஆண்டுதோறும் கூட்டத்தில் முதல் பொருளாகப் படித்து வருகிறோம். இவ்வாண்டும் படித்தோம், அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்துள்ளனர்.