பார்க்காமலே போட்ட பூச்சியம்

2020 ஜூன். கொரோனாவால பள்ளிக்கூடம் மூடியிருந்த காலம். விமர்சகர்கள் புகழ்ந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேம் வெளிவந்த கையோட, புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நாங்கள் அதுக்குப் பூச்சியம் போட்டோம். பன்விலயில் எங்க வீடு எதிலயும் பிளேஸ்டேஷன் இல்லை. யூடியூபில் யாரோ கோபப்பட்டாங்க, நாங்களும் கோபப்பட்டோம். அவ்வளவுதான். எங்களைப்போல ஆயிரக்கணக்கானோர். அடுத்த மாதமே அந்தத் தளம், புது கேம் வந்து 36 மணித்தியாலம் கழித்துத்தான் பாவனையாளர்கள் புள்ளி போடலாம் என்று விதி வைத்தது. முதல்ல விளையாடுங்கடா, பிறகு பேசுங்க என்று அர்த்தம்.

2024 நவம்பர். இப்போது பேராதனை கலைப்பீடத்தில் இருக்கிறோம். 'கங்குவா' பார்த்துவிட்டு வந்த நண்பன் குரூப்பில் எழுதினான்: "சத்தம்தான் மச்சான், கதை இல்ல. பத்துக்கு நாலு." சூர்யா ரசிகர்களான நாங்கள் படம் பார்க்க முன்பே அவனைத் திட்டித் தீர்த்தோம். அவன் குரூப்பை விட்டுப் போயிட்டான்.

அந்த நாட்களில்தான் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள், படம் வெளியாகி முதல் 3 நாளைக்குச் சமூக ஊடக விமர்சனங்களைத் தடுக்கக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது.

அந்த 36 மணித்தியாலம் விளையாடாதவனுக்கு. இந்த 3 நாள், காசு கொடுத்துப் பார்த்தவனுக்கு. நண்பனின் வாயை அடைக்க எங்களுக்கு நீதிமன்றம்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு நாங்களும் படத்தைப் பார்த்தோம். எங்க கணக்கில் ஐந்து. அதைச் சொல்லிச் சண்டை பிடிக்க அவன் இன்னும் குரூப்புக்குத் திரும்பி வரவில்லை.