சாய்மனைக் கதிரையில் ஒரு சனிக்கிழமை

அன்று காலை உம்மா அக்கரைப்பற்றில் ஒரு மௌத்து வீட்டுக்குப் புறப்பட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எனக்கு மூன்று வேலைகளைச் சொன்னார். ஊறப்போட்ட உடுப்புகளைக் கழுவிக் காயப்போட வேண்டும். வளவைக் கூட்ட வேண்டும். பகல் சாப்பிட்டதும் கோப்பைகளைக் கழுவி வைக்க வேண்டும்.

"சோறு கறி ஆக்கி வெச்சிருக்கன் மகள். நானாக்கும் போட்டுக் குடு."

நானாவுக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் இன்னும் எழும்பவே இல்லை.

நான் வேலை செய்யத்தான் நினைத்தேன். வாளியைக் கிணற்றடிவரை தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் பொது நூலகத்தில் எடுத்த புத்தகம் மேசையில் கிடந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'. 1997இல் இந்தியாவின் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். பத்துப் பக்கம் பார்த்துவிட்டு எழும்புவோம் என்று, மூத்தாப்பா விட்டுப்போன சாய்மனைக் கதிரையில் சாய்ந்தேன். இந்தப் 'பத்துப் பக்கம்' என்பதை யாரும் நம்பக் கூடாது.

முதல் பக்கங்கள் கஷ்டம்தான். குமரி மாவட்டத்து முஸ்லிம்களின் பேச்சு, மலையாள வாடையோடு. வாய்விட்டு வாசித்தபோதுதான் பிடிபட்டது. பிறகு முஸ்தபாக்கண்ணு என்னை விடவில்லை. குடும்பத்தின் பழம்பெருமையைச் சொல்லிக்கொண்டு கதிரையில் கிடக்கிற மனிதர். உழைப்பதில்லை. வாய்க்கு ருசியாகத் தின்பதற்காக வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்கிறார். மனைவி மரியம் ஆக்கியும் போடுகிறாள், அடியும் வாங்குகிறாள். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வெளியே கச்சான் காற்று வேப்பஞ்சருகை வளவு முழுக்கக் கொட்டியது. நானா சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போனார். நான் என் கோப்பையை அதற்கு மேலே வைத்தேன். லுஹரை நேரத்தோடு தொழுதேன் என்று எழுத ஆசைதான். அஸருக்குப் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் ஓடிப்போய்த் தொழுதேன்.

மஃரிபுக்குப் பிறகு உம்மா வந்தார். ஏசுவார் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். இலங்கையின் முதல் தமிழ் நாவலான 'அஸன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதியவரே நம்முடைய சித்தி லெப்பைதான், நாவல் வாசிப்பது ஒன்றும் வீண்வேலை இல்லை என்று.

உம்மா ஏசவில்லை. கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"சோதினைக்குத்தானே படிக்கிறாய்? நீ இருந்து படி."

அபாயாவைக் கழற்றிப்போட்டு நேரே கிணற்றடிக்குப் போய்விட்டார். மூன்று பஸ் ஏறி இறங்கி வந்த மனுசி. ஊறிய தண்ணீர் மணக்கத் தொடங்கியிருந்தது. குந்தியிருந்து உடுப்பைக் கும்மும் சத்தம் கேட்டது. ஏசியிருந்தால் நானும் திருப்பிக் கதைத்திருப்பேன். இதற்கு என்ன சொல்வது? சொல்லாமல் விட்டாலும் தெரியாதுதான்.

போய் எதிரே குந்தினேன். நானாவின் கனத்த டெனிமை இழுத்து எடுத்தேன்.

"உம்மா, இது சோதினைப் புத்தகமில்ல. கதைப் புத்தகம்."

உம்மாவின் கை ஒருகணம் நின்றது. பிறகு மறுபடியும் கும்மினார். இரண்டு உடுப்புக் கழுவி முடியும்வரை பேச்சே இல்லை. எனக்கு அது நீண்ட நேரமாக இருந்தது.

"என்ன கதை?"

சொன்னேன். விற்ற சாமான்களையும் சொன்னேன், மரியத்தையும் சொன்னேன். மரியத்தின் இடம் வந்தபோது உம்மா "ம்" கொட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மனிசன் நாள் முழுக்க என்னதான் செய்வான்?"

"சாய்மனைக் கதிரையில கிடப்பார்."

உம்மா என்னைப் பார்த்தார். உள்ளே கிரிக்கெட் சத்தம் கேட்ட பக்கத்தையும் பார்த்தார்.

"அப்ப இந்த ஊட்டுல ரெண்டு முஸ்தபாக்கண்ணு."

சிரிப்பை அடக்க முடியவில்லை. உம்மாவும் சிரித்தார், ஆனால் நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

"நானாவக் கூப்பிடு. கொடியில போடட்டும்."

நானா முகத்தை நீட்டிக்கொண்டு வந்து போட்டார். கிளிப் ஒன்றுகூடக் குத்தவில்லை. கச்சான் தள்ளிவிட்ட பாதி உடுப்புகளை ஞாயிறு காலை மணலில் பொறுக்கி, நானும் அவரும் மறுபடியும் கழுவினோம்.